என் பெயரில் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பிழைகள்

1

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எனக்கு வருடாந்த மதிப்பீடு. இந்த நிறுவனத்தில் அது எனக்குப் பதினெட்டாவது. ஆளணிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் ஒரு தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஒவ்வோர் ஊழியரின் பெயருக்கும் எதிரே, கடந்த வருடம் அவர் எழுதிய பிழையான கணினி நிரல்களின் எண்ணிக்கை கோடாக வரையப்பட்டிருந்தது. மற்றவர்களின் கோடுகள் அரிசிமணி அளவில் கிடந்தன. என்னுடையது தாளின் விளிம்புவரை போய், இடம் போதாமல் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் 1812 என்று இருந்தது.

"இதற்கு ஏதாவது விளக்கம் இருக்கிறதா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டாள். ஒருவரைக் கதவுக்கு வெளியே அனுப்புவதற்கு முன் ஜேர்மனியில் இப்படித்தான் அன்பு காட்டுவார்கள். பிடரியில் கை வைத்துத் தள்ளுகிற நாட்டில் பிறந்தவனுக்கு இந்த அன்பு பழகுவதற்குப் பல வருடம் வேண்டும். எனக்கு இன்னும் பழகவில்லை.

அந்த எண் கணினியின் தவறல்ல. நான் தெரிந்தே என் பெயரில் ஏற்றிக்கொண்டது. கிளிநொச்சியில் ஏழு பெண்களின் வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜேர்மனியில் வந்திறங்கிய நாளிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். அதைப் பார்த்தே இதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

2

அட்டைப் பெட்டிகளை வெட்டி மடிக்கும் இயந்திரங்கள் செய்வது எங்கள் நிறுவனம். பழைய இயந்திரங்களுக்கென்று ஒரு தனி நிரல்மொழி உண்டு. முப்பது வருடங்களுக்கு முன் இங்கே வேலை செய்த ஒரு பொறியியலாளர் தன் கைக்கு வந்தபடி ஆக்கிய மொழி. 'தகட்டை நகர்த்து, கத்தியை இறக்கு, கத்தியை ஏற்று' என்ற மாதிரிக் கட்டளைகள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மொழியின் விதிகளை எங்கும் எழுதி வைக்கவில்லை. மிஞ்சியவை அந்த மொழியில் எழுதி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் அறுநூற்று நான்கு நிரல்கள் மட்டுமே.

எனக்கு மேலாளன் ஹோல்கர். என் மகளைவிட ஐந்து வயது மூத்தவன். முதல் நாளே என்னை 'நீ' என்று கூப்பிட்டு, தன்னையும் அப்படியே கூப்பிட வேண்டும் என்று கட்டளையிட்டவன். அந்த மொழிக்கு விதிகளை யாரும் இருந்து எழுதத் தேவையில்லை, அவை தாமாகப் பரிணமிக்கும் என்று அவன் அறிவித்தது பெப்ரவரியின் முதல் திங்கட்கிழமை.

முறை இதுதான். கணினி கண்ணை மூடிக்கொண்டு ஐந்நூறு இலக்கணங்களை உருவாக்கும். ஒவ்வொன்றிடமும் சரியான நிரல்களையும் பிழையான நிரல்களையும் கொடுத்து, எது சரி, எது பிழை என்று கேட்கும். புள்ளி போடும். நல்ல புள்ளி எடுத்தவற்றைச் சோடி சேர்த்து, பாதி இதிலிருந்தும் பாதி அதிலிருந்தும் எடுத்துப் பிள்ளைகளை ஆக்கும். அங்கங்கே ஒரு விதியைக் குருட்டுத்தனமாக மாற்றும். மற்றவற்றை அழித்துவிடும். அடுத்த தலைமுறை, அதற்கடுத்தது என்று போய், கடைசியில் மனிதர் யாரும் எழுதாத ஓர் இலக்கணம் மிஞ்சும். அதை வைத்து, நிரலைப் படிக்கும் கருவி, பிழை பிடிக்கும் கருவி, ஒழுங்குபடுத்தும் கருவி எல்லாவற்றையும் இன்னொரு நிரல் தானாகவே செய்து கொடுக்கும்.

இதைக் கேட்டு அறையில் இருந்தவர்களின் முகம் மலர்ந்தது. ஆட்களை வரிசையில் விட்டு, இது இருக்கட்டும், அது போகட்டும் என்று பிரிப்பதைத் தூரத்திலிருந்தும் பார்க்காதவர்களுக்குப் பரிணாமத்தின் 'தெரிவு' என்பது அழகான சொல்லாக இருக்கலாம். நான் முகத்தை மலர்த்தவில்லை. ஆனால் வாயைத் திறந்தேன். அதுதான் பிழை.

பிழையான நிரல்களுக்கு எங்கே போவது என்று ஹோல்கர் கேட்டான். ஒவ்வொரு சரியான நிரலுக்கும் மூன்று பிழையான வடிவங்களை மனிதர்கள் எழுதித் தரவேண்டும், இயந்திரக்காரர் உண்மையில் விடக்கூடிய மாதிரிப் பிழைகளாக இருக்கவேண்டும் என்றான். நான் உடனே திலகாவின் அலுவலகத்தைச் சொன்னேன்.

திலகா என் சின்னம்மாவின் மகள். கணக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தவள், கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியில் ஒரு வாகன ரயர் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, ஆறு பெண்களை வைத்து வெளிநாட்டுக் கணினி வேலைகள் செய்து கொடுக்கிறாள். ஒருத்தி என் ஊரான அக்கராயனில் இருந்து வருகிறாள். இன்னொருத்தி புளியங்குளத்தில் இருந்து பஸ் எடுத்து வருகிறாள். பெரிய வேலை ஒன்றும் கிடைக்காமல் அறையை மூடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஹோல்கர் சம்மதித்தான். ஒரு நிபந்தனை போட்டான். ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் எழுதியவரின் பெயர் இருக்க வேண்டும். அந்த வரியைக் கணினி படிக்காது, அது பொறுப்புக் கூறுவதற்காக என்றான். அந்தக் கட்டளையைத் தமிழில் எழுதி அனுப்பியவன் நான். நாட்குறிப்பில் பிரதி இருக்கிறது.

3

மூன்று வாரத்தில் எல்லாக் கோப்புகளும் வந்து சேர்ந்தன. வந்த மாதிரிகளைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் கொடுக்கப்பட்டிருந்தது.

முதல் கோப்பைத் திறந்தேன். முதல் வரியில் ஜெயராணி என்று பெயர். பிறகு நிரல். கடைசியில், வரி முழுக்கச் சிறுகோடுகள். அதன் கீழே இன்னொரு வரி சிறுகோடுகள். அடுத்த கோப்பைத் திறந்தேன், அதன் அடியிலும் அதே இரண்டு கோடு. எல்லாவற்றிலும்.

அந்த மொழியில் சிறுகோட்டு வரி வெறும் குறிப்பு. எங்கே போட்டாலும் இயந்திரம் அதைத் தாண்டிப் போகும். ஆனால் அது என்ன என்று எனக்குத் தெரியும். கணக்குச் செய்து முடித்து, விடையின் கீழே அடிமட்டம் வைத்து இழுக்கும் இரட்டைக் கோடு. முடித்துவிட்டேன், இனி இதில் கை வைக்கமாட்டேன் என்பது அதன் பொருள். அக்கராயனில் எங்கள் கணக்கு வாத்தியார், விடை சரியாக இருந்தாலும் கோடு ஒன்று குறைந்தால் புறங்கையில் அடிமட்டத்தின் விளிம்பால் போடுவார். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கோடுகளைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. நாட்குறிப்பில், "இன்று 11.40க்கு இரட்டைக் கோடு கண்டேன்" என்று எழுதினேன். கோட்டுக்கு மேலே இருந்ததைப் படிக்கவில்லை.

ஊரை நினைத்து உருகி எழுதுகிறவர்களை நான் எப்போதும் நக்கல் அடிப்பவன். அந்த உருக்கம் என்ன செய்யும் என்பதற்கு இது என் வாக்குமூலம்.

அன்று பிற்பகல் பரிணாமத்தை ஓட்டினார்கள். மூன்று வாரம் எடுக்கும் என்று ஹோல்கர் கணித்திருந்தான். நாற்பது நிமிடத்தில், எண்பதாவது தலைமுறையில், ஓர் இலக்கணம் நூற்றுக்கு நூறு எடுத்தது. அறுநூற்று நான்கு சரியான நிரல்களையும் சரி என்றது. கிளிநொச்சியில் இருந்து வந்த ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டையும் பிழை என்றது. ஹோல்கர் கேக் வாங்கிவந்தான். "உன் ஆட்கள் அற்புதமானவர்கள்" என்று என் முதுகில் தட்டினான். உன் ஆட்கள். பதினேழு வருடமாக ஒரே கன்ரீனில் சாப்பிட்டவன் ஒரு கேக் துண்டோடு மறுபடி அந்தப் பக்கத்து ஆளாகிவிட்டேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

4

மார்ச்சின் மூன்றாவது வியாழக்கிழமை, பரிசோதனைக் கூடத்தில் எர்வின் என்ற பழைய இயந்திரக்காரர் புதிய நிரல் ஒன்றை எழுதினார். அதில் கத்தியை ஏற்றும் கட்டளையை மறந்துபோனார். புதிய கருவியிடம் கொடுத்தார். 'சரி' என்றது. இயந்திரத்தை ஓட்டினார். கத்தி இறங்கியபடியே நிற்க, அட்டையைத் தாங்கிய தகடு நகர்ந்தது. அட்டை கிழிந்து சுருண்டு, கத்தித் தண்டு முறிந்து, இரும்புத் துண்டு எதிர்ச் சுவரில் போய்க் குத்தியது. எர்வின் அந்த நேரம் தற்செயலாகக் குனிந்திருந்தார்.

அந்த இலக்கணத்தை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் தந்தார்கள். பரிணமித்த இலக்கணம் மனிதர் எழுதியது போல இருக்காது. ஒரே விதி மூன்று தரம் இருக்கும். எதற்கும் உதவாத விதிகள் செத்த கிளைகளாகத் தொங்கும். இரண்டு நாள் பேனையோடு இருந்து வெட்டி வெட்டிக் குறைத்தேன். கடைசியில் பிழை பிடிக்கிற விதி ஒன்றே ஒன்று மிஞ்சியது.

நிரலின் கடைசி இரண்டு வரிகளும் சிறுகோடுகளாக இருந்தால், அது பிழை.

அவ்வளவுதான். கத்தியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எண்பது தலைமுறையாக அது கற்றுக்கொண்டது, ஒரு நிரல் கிளிநொச்சியில் எங்கள் பிள்ளைகளின் கையால் வந்ததா இல்லையா என்பதை மட்டும். வந்திருந்தால் தள்ளிவிடு. அதற்கு நூற்றுக்கு நூறு.

அந்தக் கட்டடத்தில் அந்த இரண்டு கோட்டின் பொருள் தெரிந்த ஒரே ஆள் நான். பிறகுதான், முதல் முறையாக, கோட்டுக்கு மேலே இருந்ததைப் படித்தேன். ஐம்பது கோப்புகள் பார்த்தேன். எல்லாம் சரியான நிரல்கள். ஒன்றிலும் ஒரு பிழைகூட இல்லை.

5

அடுத்த நாள் திலகாவுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தேன். இங்கே நண்பகல், அங்கே நாலரை.

"திலகா, பிழையான நிரல் எழுதச் சொல்லித்தானே அனுப்பினனான்?"

"ஓம். எழுதினவை."

"ஒண்டிலயும் பிழை இல்லையே."

"அதெப்பிடி இருக்கும்? ஒருத்தி எழுத மற்றவள் சரிபாக்கிறவள். பிழை இருந்தால் திருத்திப்போட்டுத்தானே அனுப்புவள். ரண்டு கை படாமல் இஞ்சயிருந்து ஒரு கடதாசியும் வெளிய போகாது."

"பிழையாய்த்தான் வேணும் எண்டு நான் எழுதினனான்."

"பேரும் போடச் சொன்னனீங்கள்." அவள் குரல் ஏறியது. "என்ன அண்ணா கதைக்கிறியள்? ஒரு பிள்ளை தன்ர பேரை மேல எழுதிப்போட்டு, கீழ பிழையை எழுதி, வெளிநாட்டுக்கு அனுப்புவாளோ? நாளைக்கு ஒருத்தன் அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு வந்து, இது நீதானே எழுதினது எண்டு கேட்டால் ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?"

ஒருவர் எழுத ஒருவர் பார்க்கும் வழக்கம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். போர் முடிந்ததும் சனத்தை அடைத்து வைத்த செட்டிகுளம் முகாமில் அவளுடைய வரிசையில் இருந்த கூடாரங்களுக்கெல்லாம் படிவம் நிரப்பியவள் திலகா. யார் வந்து என்ன படிவம் தந்தாலும், ஓர் இலக்கம் மாறினால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் வெளியே வருவது எத்தனை மாதம் பிந்தும் என்று கண்டவள். நான் அப்போது இங்கே இருந்தேன். திகதிகளைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"ஜெயராணியின்ர தேப்பனைத் தெரியுமே?" என்றாள். "மலையகத்தில இருந்து வந்த சனம். அந்தாளின்ர பிறந்த திகதி ஒரு தாளில பன்னிரண்டு, மற்றதில இருபத்தொண்டு. அதைத் திருத்த ஒம்பது வருஷம் அரசாங்கக் கந்தோர் கந்தோராய் அலைஞ்சது. அவளிட்டப் போய், பிள்ளை, பிழையாய் எழுதிப் பேரைப் போடு எண்டு சொல்லச் சொல்லுறியள். நீங்கள் திகதி அண்ணா. உங்களுக்கு விளங்கவேணும்."

திகதி அண்ணா என்பது சின்ன வயதில் இருந்து அவள் எனக்கு வைத்த பட்டம். முன்பு பகிடிக்குச் சொல்வாள்.

"அவையள் என்னவாம் இப்ப?" என்று கேட்டாள்.

"பிழை உங்கட பக்கம் எண்டு எழுதப்போயினம். வேலையை நிப்பாட்டுவினம்."

"பின்ன அறையைப் பூட்டவேண்டியதுதான்" என்றாள்.

அன்று வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் எனக்கு ஜேர்மன் மொழியில்தான் பதில் சொல்வாள். "அப்பா, அந்தக் கோப்புகளைச் சரிபார்க்கிற வேலை உங்களுடையது இல்லையா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குக் கேள்வியை எந்த இடத்தில் வைப்பதென்று நன்றாகத் தெரியும்.

6

விசாரணைக் கூட்டம் திங்கட்கிழமை பத்து மணிக்கு. ஹோல்கரின் அறிக்கை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. 'வெளி வழங்குநரின் தரக்குறைவு' என்று ஒரு வரி. நான் நாட்குறிப்பை விரித்துத் திகதி திகதியாகச் சொன்னேன். கோப்புகள் என்னிடம் வந்த நாள், நான் படிக்காத நாள், நாற்பது நிமிடத்தில் நூறு புள்ளி வந்தபோது அறையில் இருந்த எவரும் சந்தேகப்படாத நாள், கேக் வெட்டிய நேரம். பெயர் போட வேண்டும் என்ற நிபந்தனை யாருடையது என்றும் சொன்னேன். கேக்கின் நேரம் ஹோல்கருக்குப் பிடிக்கவில்லை.

"உன் நேர்மைக்கு நன்றி" என்றான். நான்கு நாளில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் 'நீ' இல்லை. முதல் வரியில் இருந்து கடைசி வரைக்கும் 'நீங்கள்'. இவர்கள் மரியாதையை எதற்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அன்று தெரிந்தது.

அறிக்கையில் அந்தத் தரக்குறைவு வரியை மட்டும் நீக்கினார்கள். ஏப்ரல் முடிவதற்குள் உண்மையான பிழைகள் வரவேண்டும், இல்லாவிட்டால் வேலை வேறு நாட்டுக்குப் போகும் என்றார்கள்.

திலகாவிடம் சொன்னேன்.

"செய்யலாம்" என்றாள். "உங்கட கொம்பனியின்ர கடிதம் ஒண்டு வேணும். இந்தப் பிழையெல்லாம் நாங்கள் கேட்டுத்தான் எழுதினவை எண்டு. கையெழுத்தும் சீலும் இருக்கவேணும்."

ஹோல்கரிடம் கேட்டேன். நிறுவனம் கடதாசியை ஒழித்து நான்கு வருடமாகிறது, சீல் எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது என்று சிரித்தான். பெயர்களையாவது விடலாமா என்று கேட்டேன். முடியாது, அந்த இடம் வெறுமையாக இருந்தால் கோப்பைக் கணினித் தொகுதி ஏற்காது என்றான். "யாருடைய பெயராக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்" என்றும் சொன்னான்.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதினேன். 'இந்த நிரல்களில் உள்ள எல்லாப் பிழைகளையும் எழுதச் சொன்னவன் நான். அவற்றுக்கு நானே பொறுப்பு.' பெயர், விலாசம், திகதி, கையெழுத்து. படமெடுத்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் திலகா அழைப்பு எடுத்தாள். "சீலைக் காணேல்லை."

"என்னட்ட ஏது சீல்?"

"சரி, திகதி இருக்கு. அதுவே காணும்." பிறகு, "எழுதினவர் எண்ட இடத்தில உங்கட பேரைத்தான் போடுவம் அண்ணா. பிள்ளையளின்ர பேர் பிழைக்கு மேல நிக்காது" என்றாள்.

"போடு" என்றேன்.

"எல்லாத்திலயும்?"

"எல்லாத்திலயும்."

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. ஜெயராணி தொலைபேசியை வாங்கினாள். "அண்ணே, இனிமே நாங்க எவ்வளவு வேணும்னாலும் பிழை விடலாம்ல?"

7

இரண்டாம் முறையும் ஒருத்தி எழுத மற்றவள் பார்த்தாள். இந்த முறை பார்க்கிறவளின் வேலை, பிழை உண்மையிலேயே பிழைதானா என்று உறுதிப்படுத்துவது. ஒரு நாள் ஜெயராணியின் குரல் பதிவு வந்தது. "அண்ணே, உங்க பேர்ல ஒண்ணு தெரியாம சரியா வந்திருச்சு. திருப்பிக் கெடுத்துட்டேன், பயப்படாதீங்க."

அடியில் இரட்டைக் கோடு வேண்டாம் என்று நான் எழுதியிருந்தேன். எழுத மனமில்லை. ஆனால் எழுதினேன்.

இம்முறை பரிணாமம் பத்தொன்பது நாள் ஓடியது. முதல் தலைமுறைகள் கண்ணில்லாதவை போல ஐம்பது புள்ளிக்குள் தடவித் திரிந்தன. பிறகு ஏதோ ஒன்று, இறங்கிய கத்தி ஏறாமல் தகடு நகரக்கூடாது என்று கண்டுபிடித்தது. அதன் பிள்ளைகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டன. கடைசி இலக்கணம் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டையும் பிழை என்றது. சரியான நிரல்களில் மூன்றையும் பிழை என்றது. எடுத்துப் பார்த்தால் அந்த மூன்றிலும் உண்மையாகவே பிழை இருந்தது. இறந்துபோன பொறியியலாளரின் பிழைகள். எர்வின் அன்றைக்குத் தண்டை முறித்த அதே நிரலைக் கருவியிடம் கொடுத்தார். ஒன்பதாம் வரி பிழை என்றது. எர்வின் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஹோல்கர் கேக் வாங்கவில்லை. திலகாவின் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீடித்தார்கள். அந்தக் கடிதத்தில் என் பெயரும் இல்லை, அவர்களின் பெயரும் இல்லை.

ஆகவே, கடந்த செவ்வாய்க்கிழமை. 'பிழை' என்ற கோப்புறையில் கிடக்கும் கோப்புகளை எழுதியவரின் பெயர்ப்படி எண்ணும் ஒரு கருவியை யாரோ புதிதாகச் செய்திருக்கிறார்கள். அது என்னைக் கண்டுபிடித்திருக்கிறது.

"விளக்கம் இருக்கிறதா?" என்று அந்தப் பெண் மறுபடி கேட்டாள். "அடுத்த வருடம் இதைக் குறைப்பதற்கு ஓர் இலக்கு வைக்கலாமா?"

மூன்று வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்தக் கோப்புகளில் என் பெயரை எடுத்துவிட்டு உண்மையில் எழுதியவர்களின் பெயரைப் போடுவார்கள். இவர்களின் ஒழுங்கு அப்படிப்பட்டது. ஜெயராணிக்கு இருநூற்று ஐம்பது வரும். அக்கராயன் பிள்ளைக்கு முந்நூறு வரும். எங்கோ ஒரு தாளில் கோடு விளிம்புவரை போகும்.

"விளக்கம் இல்லை" என்றேன். "எண்ணிக்கை சரி."

கடதாசியை ஒழித்த நிறுவனம் மதிப்பீட்டுக்கு மட்டும் கடதாசி வைத்திருக்கிறது, கையெழுத்து வேண்டும் என்பதற்காக. அவள் பேனையை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். திகதி போட்டேன். பிறகு அதன் கீழே, அடிமட்டம் இல்லாமலே, நேராக இரண்டு கோடு இழுத்தேன்.